முகப்புப் படம்

படம் நன்றாக வரவேண்டும் என்றுதான் வஜிஹா அதைக் கேட்டாள். மனதில் வேறு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. ஓசூர் சிப்காட்டுக்குப் பின்புறம் ஹரீஷ்குமார் நடத்துகிற அவிநயா ஸ்டாம்பிங்ஸ் என்ற பிரஸ் ஷாப்புக்கு அவள் வெப்சைட் செய்துகொண்டிருந்தாள். டிராக்டருக்கும் வேனுக்கும் வேண்டிய சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளைத் தகட்டிலிருந்து அடித்து எடுக்கிற இடம் அது. பாகலூர் ரோட்டில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து டெய்லர் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் வெப்சைட் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு முதல் முறையாகக் கிடைத்த கம்பெனி. அதனால் கண்ணும் கருத்துமாக வேலை செய்தாள். கொஞ்சம் அளவுக்கு மீறியே செய்தாள் என்றும் சொல்லலாம்.

வேறு யாராவது என்றால் இணையத்தில் கிடைக்கிற வெள்ளைக்கார இன்ஜினியர் படம் ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் டேப்லெட், வாயெல்லாம் பல். ஓசூரில் பாதிக் கம்பெனிகளின் வெப்சைட்டில் அந்த ஒரே ஆள்தான் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். வஜிஹாவுக்கு அது பிடிக்கவில்லை. சொந்த ஆளைக் காட்ட வேண்டும், சொந்த மிஷினைக் காட்ட வேண்டும், முகப்புப் பக்கத்தைத் திறந்ததும் மிஷின் ஓடுகிற வீடியோ தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். ஹரீஷ்குமாருக்கும் அந்த யோசனை பிடித்துப்போயிற்று.

"எங்க ராஜாத்திய எடுங்க மேடம்" என்றார். "நல்ல கைராசிக்காரி. அவ உக்காந்த மிஷின் ரிப்பேர்னு நின்னதே இல்ல."

ராஜாத்தி கெலமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். ஒல்லியான தேகம், கையில் ரப்பர் வளையல். கேமராவைப் பார்த்துக் கூச்சப்படவில்லை, சிரிக்கச் சொன்னபோது சிரிக்கவும் இல்லை. அவள் கைகளைப் பார்த்ததும் வஜிஹா தன் முகப்புப் பக்கம் கிடைத்துவிட்டது என்று முடிவு செய்தாள். தகட்டை எடுப்பதும் வைப்பதும் அடித்ததை வெளியே தள்ளுவதும் ஒரே ஓட்டமாக நடந்தன. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

ஒரே ஒரு தொல்லை. மிஷினின் முன்பக்கத்தில் மஞ்சள் கம்பிக் கதவு ஒன்று இருந்தது. தகட்டை உள்ளே வைத்து, கதவை இழுத்து மூடி, காலால் பெடலை மிதித்தால் மேலே நிற்கிற அச்சு இறங்கி அடிக்கும். கதவு திறந்திருந்தால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் மிஷின் அசையாது. கை உள்ளே இருக்கும்போது அச்சு இறங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் கேமராவில் பார்த்தால் ராஜாத்தியின் முகத்திலும் கையிலும் கம்பிக் கோடு கோடாக விழுந்தது. ஜெயிலுக்குள் இருக்கிறவளைப் படம் பிடித்தது போலிருந்தது.

"அண்ணா, இந்தக் கதவ மட்டும் கொஞ்ச நேரம் கழட்டிட முடியுமா?" என்று மெயின்டனன்ஸ் பார்க்கிற திம்மராயனிடம் கேட்டாள்.

"கழட்னா மிஷின் ஓடாது மேடம்" என்றார் திம்மராயன். பிறகு ஹரீஷ்குமாரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஓட வெக்கலாம்" என்றார்.

கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். கதவு மூடியே இருக்கிறது என்று மிஷினை நம்பவைக்க ஸ்விட்சில் ஒரு துண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கினார். வீடியோ அருமையாக வந்தது. நடுவில் ஒரு தடவைதான் நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. பின்னால் செக்கிங் மேஜையில் பிசிறு தேய்த்துக்கொண்டிருந்த மணிமேகலை, பாரூர்க்காரி, ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வருகிறவள், கேமராவைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்துவிட்டாள். "நீயும் ஒரு நாள் மிஷின்ல உக்காரு, உன்னையும் எடுக்கிறேன்" என்று வஜிஹா அவளைக் கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். வஜிஹா டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அந்தக் கதவை அவள் நினைக்கவே இல்லை. மாட்டியிருப்பார்கள் என்றுகூட நினைக்கவில்லை. நினைக்க வேண்டிய விஷயமாகவே அது தோன்றவில்லை. வீடியோவை வெட்டி ஒட்டினாள், போனில் திறந்தால் எப்படித் தெரிகிறது என்று பார்த்தாள், விசாரணைப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் ஹரீஷ்குமாரின் மெயிலுக்குப் போகிறதா என்று தன் பெயரிலும் உம்மா பெயரிலும் அனுப்பிச் சோதித்தாள். விஜயதசமி அன்று காலை நல்ல நேரத்தில் வெப்சைட் திறக்க வேண்டும் என்று நாள் குறித்தாயிற்று. அதுவரைக்கும் 'விரைவில்' என்ற ஒரு வார்த்தை மட்டும் அந்த முகவரியில் நின்றுகொண்டிருந்தது.

ஒரு நாள் ஹரீஷ்குமார் போன் செய்தார். குரலில் அத்தனை குஷி.

"மேடம், ஒரு நாளைக்கு எவ்ளோ பீஸ் அடிப்போம்னு போட்டிருக்கீங்க இல்ல, அத மாத்துங்க. இப்ப ரொம்பக் கூட வருது."

"புது மிஷின் வாங்கினீங்களா சார்?"

"அதெல்லாம் இல்ல. கதவத் தொறந்து மூடுற நேரம் மிச்சமாவுது இல்ல? ராஜாத்தி பிச்சு உதர்றா. உங்க புண்ணியம்தான் மேடம்."

வஜிஹா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "கதவு இன்னும் மாட்டலியா சார்?" என்று கேட்டாள். அவர் அதற்குள் வேறு யாரிடமோ கன்னடத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். 'ஆயித்து, ஆயித்து', ஆச்சு ஆச்சு என்று சொல்வது கேட்டது. போன் கட்டாயிற்று.

மறுநாளே ஷாப்புக்குப் போனாள். கதவு சுவரோரம் சாய்ந்தபடியே இருந்தது. ஆயுத பூஜைக்காகப் புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். ராஜாத்தியின் கை கதவில்லாத அச்சுக்குக் கீழே போய்ப் போய் வந்தது. அன்றைக்கு அழகாகத் தெரிந்த அதே ஓட்டத்தை இன்றைக்கு வஜிஹாவால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு தடவை அச்சு இறங்கும்போதும் அவள் தன் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

ஹரீஷ்குமார் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்துவிடலாம். இவர் நாற்காலி போடச் சொல்லி, டீ வரவழைத்து, பொறுமையாகப் பதில் சொன்னார்.

"மாட்டாம வுட்ருவனா மேடம்? லான்ச் முடியட்டும். பெங்களூர் பார்ட்டி வெப்சைட்ட பாத்துட்டு நேர்ல வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க வந்தா மொதல்ல கதவு இருக்கான்னுதான் பாப்பாங்க. லான்ச் அன்னிக்கு சாயந்தரமே மாட்டிடுவோம். அதுவரைக்கும் அவசர ஆர்டர் ஒண்ணு ஓடுது, பாத்துக்குங்க."

"அதுவரைக்கும் ஏதாவது ஆயிட்டா?"

"ராஜாத்திக்கா? நல்லா சொன்னீங்க போங்க" என்று சிரித்தார். பிறகு நினைவு வந்தவராக, "பாதுகாப்புன்னு ஒரு பக்கம் வேணும் மேடம். பெங்களூர்க்காரங்க அதக் கேப்பாங்க. நல்லா நாலு வரி எழுதிடுங்க" என்றார்.

'கதவு மாட்டுகிற வரைக்கும் வெப்சைட்டைத் திறக்க மாட்டேன்' என்று சொல்லத்தான் வஜிஹா பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாய் திறந்தபோது "சரி சார்" என்றுதான் வந்தது. இந்த வேலை போனால் மறுபடி பிரியாணிக் கடைதான் என்ற பயம் அவளுக்கு இருந்தது. அதை அவள் தன்னிடமே மறைக்கவில்லை.

டீ நேரத்தில் ராஜாத்தியைத் தனியாகப் பிடித்தாள். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று ராஜாத்தி முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கதவு இல்லாம ஓட்டாதீங்க. மாட்டச் சொல்லிக் கேளுங்க."

"ஏன் பாப்பா? வேல லேசா இருக்குது. அந்தக் கதவ இழுத்து இழுத்து எனக்குத் தோள்பட்ட வுட்டுப்போச்சு. இப்ப டார்கெட் சீக்கிரம் முடியுது, மொத பஸ்ஸப் புடிச்சிட்றேன். புள்ளைங்க ஸ்கூல் வுட்டு வர்றதுக்குள்ள வூட்டுக்குப் போயிட்றேன் தெரியுமா."

"கை உள்ள மாட்டிக்கிட்டா?"

ராஜாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "முன்னயெல்லாம் ராத்திரி படுத்தா மிஷின் கனவுல வராது" என்றாள். "இப்பக் கொஞ்ச நாளா வருது. அத வுடு. நீ உன் வேலய முடி, நான் என் வேலயப் பாக்கறேன்."

அந்தப் பேச்சுக்குப் பிறகு வஜிஹா செய்தது ஒன்றுதான். வெப்சைட்டைச் சீக்கிரம் முடிப்பது. நாளை முன்னால் தள்ள முடியாது, விஜயதசமி விஜயதசமிதான். ஆனால் தன் பக்கத்திலிருந்து ஒரு மணி நேரம்கூடத் தாமதம் ஆகக் கூடாது என்று வெறியாக வேலை செய்தாள். திறந்துவிட்டால் சாயந்தரமே கதவு வந்துவிடும். பாதுகாப்புப் பக்கத்துக்கு நாலு வரி எழுதினாள். 'எங்கள் தொழிலாளர்களின் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை' என்று தொடங்கி மீதி மூன்று வரியும் அதே மாதிரி. எழுதி முடித்துவிட்டு எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

விஜயதசமி வந்தது. முந்தின நாள் ஆயுத பூஜை நடந்த சுவடு ஷாப் முழுக்கத் தெரிந்தது. வாழைக்கன்று, பொரி சிதறல், எல்லா மிஷினிலும் சந்தனம், குங்குமம். சுவரோரம் சாய்ந்திருந்த மஞ்சள் கதவுக்கும் மறக்காமல் மூன்று பட்டை இழுத்துப் பொட்டு வைத்து, ஒரு முழம் சாமந்தி சாத்தியிருந்தார்கள். கும்பிடுவதற்கு ஆள் இருந்தது, மாட்டுவதற்குத்தான் இல்லை.

மற்ற மிஷின்களுக்கெல்லாம் லீவு. அவசர ஆர்டர் இருந்ததால் ராஜாத்தியின் மிஷின் மட்டும் ஓடியது. அதற்கு ஒரு வழக்கமும் இருந்தது. விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் ஓடவிட்ட மிஷினைச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த வருஷம் முழுக்கத் தொழில் நின்று நின்று போகும் என்று ஹரீஷ்குமாரின் அப்பா காலத்திலிருந்து ஒரு பேச்சு. திம்மராயன்தான் காலையில் அதை வஜிஹாவுக்குச் சொன்னார். வஜிஹா தலையை ஆட்டினாள், காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் கண் ராஜாத்தி மேல் இருந்தது.

ராஜாத்தி சரியாக இல்லை. ஒன்பது நாள் நோன்பு, முந்தின ராத்திரி முழுக்க வீட்டில் பூஜை வேலை. கண் சிவந்திருந்தது, அடிக்கடி கொட்டாவி விட்டாள். அவள் கையில் பழைய ஓட்டம் இல்லை, ஒரு நொடி பின்தங்கி வந்தது. வஜிஹா பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தகடு கோணலாக விழுந்தது. அதை நேர் செய்ய ராஜாத்தி விரலை நீட்டினாள். கால் பெடலில் இருந்தது. ஏதோ தோன்றி விரலை எடுத்தாள், அச்சு இறங்கியது. ராஜாத்தி திரும்பி வஜிஹாவைப் பார்த்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. பிறகு அடுத்த தகட்டை எடுத்தாள்.

வஜிஹா ஓர் அடி முன்னால் வைத்தாள். இந்தப் பெண்ணை அந்த இடத்திலிருந்து எழுப்ப வேண்டும், இப்போதே எழுப்ப வேண்டும். மிஷினை நிறுத்துங்கள் என்றால் அவசர ஆர்டர் ஓடும்போது ஹரீஷ்குமார் கேட்க மாட்டார். அவர் எதைக் கேட்பாரோ அதை யோசித்து, ஆபீஸ் அறைக்கு வேகமாகப் போனாள்.

"சார், லான்ச் பட்டன நீங்க அழுத்த வேணாம். ராஜாத்தி அக்காவ அழுத்தச் சொல்லுங்க. கைராசிக்காரின்னு நீங்கதான சொல்லுவீங்க. முகப்புல இருக்கிறவங்களே திறந்து வெச்சா நல்லா இருக்கும். போட்டோவும் எடுத்துக்கலாம்."

ஹரீஷ்குமார் முகம் மலர்ந்தது. "ஆஹா, சூப்பர் மேடம். எனக்குத் தோணலயே" என்றவர், "திம்மராயா, ராஜாத்தியக் கூட்டிட்டு வா" என்று குரல் கொடுத்தார்.

வஜிஹா நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். பட்டன் அழுத்த, இனிப்புக் கொடுக்க, போட்டோ எடுக்க அரை மணி நேரமாவது இழுத்துவிடலாம். ராஜாத்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே எல்லோர் முன்னாலும் கதவு விஷயத்தைக் கேட்டுவிடலாம். இந்தத் தடவை வாய் மாறிப்போகாது என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது. பல நாள் கழித்து முதல் முறையாக மனசு லேசானது.

ராஜாத்தி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கண்ணாடிக் கதவைச் சாத்தினார்கள். கற்பூரம் காட்டினார்கள். சுவரில் மாட்டிய பெரிய டிவியில் 'விரைவில்' என்ற வார்த்தை தெரிந்தது. வஜிஹா லேப்டாப்பில் அழுத்த வேண்டிய இடத்தைக் காட்டினாள். ராஜாத்தி சாமியைக் கும்பிட்டுவிட்டு ஒரு விரலால் மெதுவாக அழுத்தினாள்.

திரை ஒரு கணம் வெள்ளையானது. பிறகு ராஜாத்தியே திரை முழுக்க வந்தாள். அவள் கைகள் தகட்டை எடுத்தன, வைத்தன, தள்ளின. எல்லோரும் கை தட்டினார்கள். ராஜாத்தி வாயைப் பிளந்துகொண்டு தன்னையே பார்த்தாள். ஹரீஷ்குமார் இனிப்புப் பெட்டியைத் திறந்தார்.

கைதட்டல் அடங்கியபோதுதான் வஜிஹாவுக்குக் காலடியில் அந்த அதிர்வு தெரிந்தது. திரையில் ஓடிய வீடியோவுக்குச் சத்தம் கிடையாது, அவளே எடுத்துவிட்டிருந்தாள். தரை அதிர்ந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி அதிர்ந்தது. இன்றைக்கு ஓடுகிற மிஷின் ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, உங்க எடத்துல யாரு?"

"மணிமேகல" என்றாள் ராஜாத்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மிஷின் நிக்கக் கூடாதுன்னு திம்மராயன் அண்ணன் உக்கார வெச்சாரு. அதுக்கும் ரொம்ப நாளா ஆச."

வஜிஹா எழுந்தாள். லேப்டாப் ஒயர் காலில் சிக்கியது. "மேடம், போட்டோ" என்று ஹரீஷ்குமார் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவை அவள் உள்ளே இழுத்தாள், அது வெளியே தள்ளுகிற கதவு. தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். செக்கிங் மேஜையைத் தாண்டும்போது அதிர்வு நின்றது.

மணிமேகலை கத்தவில்லை. கத்தியது திம்மராயன். அவர் மெயின் ஸ்விட்சைப் பிடித்து இழுத்தபடி நின்றார். மணிமேகலை மிஷின் முன்னால் எழுந்து நின்று, யாருடைய கையையோ பார்ப்பது போல வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அவளுக்குக் கால் மடங்கியது. வஜிஹா தன் துப்பட்டாவை எடுத்து அந்தக் கையைச் சுற்றினாள். சுற்றும்போது, விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் எவ்வளவு குறைவாகச் சுற்ற வேண்டியிருந்தது என்பது அவளுக்குத் தெரிந்தது. ஹரீஷ்குமாரின் காரில் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள்.

கார் கேட்டைத் தாண்டியதுமே ஹரீஷ்குமார் போனில் திம்மராயனுக்கு உத்தரவு போட்டார். திம்மராயன் ஸ்பேனரை எடுத்தார். ஸ்விட்சில் இருந்த துண்டு ஒயரை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பொட்டும் பூவும் வைத்த கதவைத் தூக்கி வந்து மிஷினில் மாட்டி நாலு போல்ட்டை முடுக்கினார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள்.

வஜிஹாவின் போனும் அடித்தது. காரிலிருந்து ஹரீஷ்குமார். பின்னால் மணிமேகலையின் முனகல் கேட்டது. "மேடம், வெப்சைட்ல அந்த வீடியோவ மட்டும் உடனே எடுத்துடுங்க. வேற ஏதாவது படம் போடுங்க. அந்த ஹெல்மெட் போட்ட ஆள் படம் இருக்கும் இல்ல, அதப் போடுங்க." அவர் குரல் நடுங்கியது. அழுதுகொண்டிருந்தார் என்றே தோன்றியது. வஜிஹா போனை அணைத்தாள்.

ஆபீஸ் படியில் போய் உட்கார்ந்தாள். சுரிதாரில் திட்டுத் திட்டாக ஈரம் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ராஜாத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வஜிஹாவின் கைகளை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"நீதான் என்னக் கூப்புடச் சொன்னியாமே பாப்பா. சார் சொன்னாரு. நீ கூப்புடலன்னா இன்னிக்கு நான்தான்."

"மணிமேகலைய அங்க உக்கார வெச்சதும் நான்தான் அக்கா" என்றாள் வஜிஹா. "கதவக் கழட்டச் சொன்னதும் நான்தான்."

"தெரியும்" என்றாள் ராஜாத்தி. பிடியை விடவில்லை. எதிரே கழுவிவிட்ட தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அழுவலாம்னு பாக்கறேன், வரமாட்டேங்குது பாப்பா. அந்தப் பொண்ணு பேரச் சொல்லி அழுவணும்னு நெனச்சாலும், என் கை இருக்குதுன்னுதான் திரும்பத் திரும்பத் தோணுது."

அவள் வஜிஹாவின் கைகளைத் தூக்கித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கண்கள் காய்ந்துதான் இருந்தன.